பிரித்துத் தைத்த பூ

பதுளைக் கடைத்தெருவில் என்னை ஒட்டாதவள் என்று சொல்வார்கள். வாசலில் நின்று நாலு வார்த்தை பேசமாட்டாள், விசேஷத்துக்குப் போன காலத்தில்கூட முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு முதல் ஆளாகக் கிளம்பிவிடுவாள், எந்நேரமும் ஊசியும் நூலுமாக உள்ளே உட்கார்ந்திருப்பாள் என்று பேச்சு. பேச்சில் பொய் இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அப்படித்தான். ஆனால் நடுவில் ஒரு காலம், இந்தத் தெருவே என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. அதை மட்டும் யாரும் சொல்வதில்லை. சொன்னால் மிச்சத்தையும் சொல்ல வேண்டிவரும்.

தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்பில் இறங்கி, பண்டாரவளை வரை ரயிலிலும் அதற்கப்புறம் மாட்டு வண்டியிலுமாக நான் இந்த ஊருக்கு வந்தேன். அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். வீட்டுக்காரருக்கு ஜவுளிக்கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. சம்பள ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து ஆட்கள் கூட்டம் கூட்டமாக இறங்கி வருவார்கள். அன்றைக்குக் கடையில் கால் வைக்க இடமிருக்காது. மற்ற நாட்களில் ஈ ஓட்டலாம். மழைக்காலத்தில் நமுனுகுல மலையே கண்ணுக்குத் தெரியாது, அப்படி மூடிக்கொள்ளும். எனக்கு அந்த மூட்டம் பிடித்திருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார அது ஒரு சாக்கு.

கடையில் கிழித்தது போக மிஞ்சும் துண்டுகள் எல்லாம் என்னிடம் வந்துவிடும். அவற்றை இலையாகவும் பூவாகவும் கிளியாகவும் வெட்டி, வேறொரு துணியின்மேல் வைத்து, ஓரத்தை உள்பக்கம் மடித்துத் தைப்பேன். தலையணை உறை, பெட்டி மூடும் துணி, வாசல் தோரணம் என்று எதையாவது செய்துகொண்டே இருப்பேன். எனக்குப் பிள்ளை இல்லை. அதனால்தான் இப்படித் துணியைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்று தெருவில் சொன்னார்கள். நான் அழவெல்லாம் இல்லை. மடிப்பு ஒரு நூல் விலகாமல் படிந்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் பிள்ளையில்லாத ஒருத்தி சந்தோஷமாக இருக்கிறேன் என்றால் யார் நம்புகிறார்கள்?

அந்தக் காலத்தில் என் வீட்டுக்குள் கேட்காமல் நுழையக்கூடியவள் ஒருத்திதான். இரண்டு கடை தள்ளி அரிசி, பருப்பு விற்கிற மளிகைக் கடைக்காரரின் மனைவி. என் வயசுதான். எங்கள் பக்கத்து ஊர்க்காரி வேறு. அவள் பேச்சில் எனக்குப் பிறந்த வீட்டு வாசனை அடிக்கும். நான் எவ்வளவு பேசமாட்டேனோ அவ்வளவு அவள் பேசுவாள். சிரித்தால் கடையில் தராசு பிடிக்கிற ஆள் திரும்பிப் பார்ப்பான். மாமியாருக்குப் பயந்து வீட்டில் வாயை மூடிக்கொண்டு இருந்து, மத்தியானத்தில் என்னிடம் வந்து அத்தனையையும் கொட்டிவிட்டுப் போவாள். நான் தலையை நிமிர்த்தாமல் தைத்துக்கொண்டே கேட்பேன். சில நாள் அவளுக்கும் பேச ஒன்றும் இருக்காது. சும்மா என் பக்கத்தில் படுத்துத் தூங்குவாள். அந்தத் தூக்கத்துக்குக் காவல் மாதிரி நான் தைத்துக்கொண்டிருப்பேன். அதைவிட நல்ல மத்தியானங்கள் எனக்கு வாய்க்கவில்லை.

அவளுக்கு என்னைப் பற்றி ஒரே ஒரு குறை.

"நீ இப்படிக் கதவச் சாத்திக்கிட்டு உக்காந்திருந்தின்னா, நாளைக்குச் செத்தா தூக்கிட்டுப் போக நாலு பேரு வரமாட்டாங்கடி."

"செத்தப்புறம் யாரு வந்தா எனக்கென்ன?"

"உனக்கில்ல. உன் புருசன் தனியா தூக்கணுமே, பாவம்!"

கோயில் திரை விஷயத்தில் என்னை இழுத்துவிட்டவளும் அவள்தான். எங்கள் தெரு முனையில் இருந்த அம்மன் கோயிலில், சந்நிதிக்கு முன்னால் போடுகிற திரையை எலி கடித்துவிட்டது. பங்குனித் திருவிழாவுக்குள் புதுத் திரை வேண்டும். தெருவிலேயே பெரிய கடைக்காரரின் மனைவி ஒருத்தி இருந்தாள். எல்லோருக்கும் அவள் பெரியம்மா. தெருவில் யார் வீட்டில் என்ன சமைக்க வேண்டும் என்பது வரை அவள் சொல்லித்தான் நடக்கும். அந்தப் பெரியம்மாதான் சொன்னாள்: தெருவில் இருக்கிற பெண்கள் ஒவ்வொருத்தரும் ஆளுக்கு ஒரு பூ தங்கள் கையால் தைக்க வேண்டும், தைக்கும்போது மனசில் ஒரு வேண்டுதல் வைக்க வேண்டும், அது பலிக்கும். இது எந்த ஊர் வழக்கம் என்று யாருக்கும் தெரியாது. மதுரைப் பக்கம் என்றார்கள், மதுரைக்காரி ஒருத்தி திருச்சிப் பக்கம் என்றாள். பெரியம்மா சொன்னால் வழக்கம்தான்.

என் சிநேகிதி குறுக்கே புகுந்து, திரைக்கு நடுவில் வரவேண்டிய தாமரையும், சுற்றுக் கொடியும், எல்லாவற்றையும் சேர்த்துத் தைப்பதும் என் பொறுப்பு என்று சொல்லிவிட்டாள். அது மட்டுமா? வேலையை என் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், அங்கேதான் கூரையில் கண்ணாடி ஓடு இருக்கிறது, வெளிச்சம் நன்றாக விழும் என்றும் சொல்லிவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"உன்ன யாரு எனக்காக வாக்குக் குடுக்கச் சொன்னது?"

"கேட்டா நீ முடியாதும்ப. அதான் கேக்கல."

தை மாதம் முழுக்க என் வீடு சந்தை ஆனது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஒருவர் பின் ஒருவராக வந்துவிடுவார்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி, வெற்றிலைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி. பாயில் ஊசி கிடக்கும். மிதித்தவள் என்னைத் திட்டுவாள். சிவப்பு நூலும் மஞ்சள் நூலும் சிக்கிக் கொண்டால் அதைப் பிரித்தெடுக்க எனக்கு ஒரு பொழுது. என் தண்ணீர்ப் பானையை நகர்த்தி வைத்துவிட்டுப் போவார்கள். யார் வீட்டு மருமகள் எப்படி என்று ஆரம்பித்தால் விளக்கு வைக்கிற நேரம் வரை ஓயாது. அவர்கள் போனதும் கதவைச் சாத்தி, பெருமூச்சு விட்டு, சுவரில் சாய்ந்து உட்காருவேன்.

மாசி பிறந்தபோது ஒன்றைக் கவனித்தேன். ஒரு நாள் அடைமழை, யாரும் வரவில்லை. நான் இரண்டு தடவை எழுந்து போய் வாசலைப் பார்த்துவிட்டு வந்தேன். எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது. அந்தக் கூச்சல் எனக்குப் பழகிவிட்டது, பிடித்தும் போய்விட்டது. அடுத்த நாள் அவர்கள் நனைந்துகொண்டே வந்தபோது எல்லோருக்கும் இஞ்சி தட்டிப்போட்டுத் தேத்தண்ணி கொடுத்தேன். "இவ வீட்டுல தேத்தண்ணி கூடக் கிடைக்குமா!" என்று பெரியம்மா கேலி செய்தாள். நானும் சிரித்தேன். வீடும் வேண்டும், ஊசியும் வேண்டும், நாலு பேரும் வேண்டும், மூன்றும் சேர்ந்து இருக்கலாம் போல என்று அப்போது நினைத்தேன்.

ஒவ்வொருத்தியும் தன் பூவைத் தைத்தாள். வேண்டுதலை வெளியே சொல்லக்கூடாது என்பார்கள், சொல்லிவிட்டுத்தான் தைப்பார்கள். ஒருத்திக்குப் புருசனின் இருமல் தீர வேண்டும். ஒருத்திக்குத் தங்கச்சிக்கு மாப்பிள்ளை வேண்டும். என்னிடம் யாரும் கேட்கவே இல்லை. பிள்ளைதான் கேட்டிருப்பாள் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். உண்மையில் நான் எதுவும் கேட்கவில்லை. தாமரை இதழ் கோணாமல் வரவேண்டும் என்று மட்டும் நினைத்திருப்பேன்.

என் சிநேகிதி அப்போது மாசமாக இருந்தாள். அதற்கு முன் இரண்டு கலைந்துவிட்டது. இந்தத் தடவை ஐந்து மாதம் தாண்டியிருந்தது. அவள் வேண்டுதல் என்னவென்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அவளுக்குத் தையல் வராது. ஊசியை மூட்டைக் குத்தூசி பிடிக்கிற மாதிரி பிடிப்பாள். அவள் தைத்த பூவில் ஒரு இதழ் மேலே, ஒரு இதழ் கீழே, ஒன்று காணாமலே போயிருந்தது. பெரியம்மா அதைத் தூக்கிப் பிடித்து, "இது பூவா, இல்ல வண்டி ஏறுன தக்காளியா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள். ஆனால் கழுத்து வரை சிவந்துவிட்டது எனக்குத் தெரிந்தது.

மற்றவர்கள் போனபிறகும் அவள் போகவில்லை.

"இதப் பிரிச்சுட்டு நீயே தைச்சுடுடி."

"இருக்கட்டும் விடு. உன் கையால தைச்சது. அம்மன் என்ன இதழையா எண்ணப் போறா?"

"திருவிழா அன்னைக்கு ஊரே பாக்கும். எம் மாமியா பாக்கும். வயித்துப் புள்ளக்காரி தைச்ச லட்சணத்தப் பாருன்னு அதுக்கு ஒரு வருசத்துக்குப் பேச்சு ஆயிரும். தைச்சுடுடி. யார்கிட்டயும் சொல்லாத."

எனக்கு மனசில்லை. பயமெல்லாம் ஒன்றும் கிடையாது. அந்தக் கோணல் பூ அவள் மாதிரியே இருந்தது, அதனால்தான். நான் தயங்கியதைப் பார்த்து அவளே கத்தரியை எடுத்து முதல் முடிச்சை வெட்டினாள். "இந்தா, இனிமே உனக்கு வேற வழி இல்ல" என்றாள். மிச்சத்தை நான் பிரித்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருக்க, அதே துணியில் அதே இடத்தில் புதிதாகத் தைத்துக் கொடுத்தேன். பார்த்துவிட்டு என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் இருக்கையில் அவளுக்கு வலி எடுத்தது. ஏழாம் மாதம். குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. ஆண் குழந்தை.

நான் போய் வாசலில் நின்றேன். தீட்டு வீடு, உள்ளே போகக்கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டாள். பிள்ளை பெறாதவள் பார்க்கவும் கூடாது என்று கூடவே சொன்னாள். திரும்பி வந்து, ஊசியைக் கையில் எடுக்காமல் இருந்தேன். அவளுக்காக நான் அழுதது எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மட்டும்தான் தெரியும்.

இரண்டு நாள் கழித்துப் பெரியம்மாவும் மற்றப் பெண்களும் என் வீட்டுக்கு வந்தார்கள். திரையை எடுத்துப்போகத்தான் வந்தார்கள் என்று நினைத்து விரித்துக் காட்டினேன். அவர்கள் தாமரையைப் பார்க்கவில்லை, கொடியைப் பார்க்கவில்லை. பெரியம்மா நேராக என் சிநேகிதியின் பூவில் விரலை வைத்தாள்.

"இது அவ தைச்ச பூ இல்லையே."

பெரியம்மா திரையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். புதுத் தையலுக்கு வெளியே, பழைய தையல் போன இடத்தில் ஊசித் துளைகள் அப்படியே இருந்தன. அந்தச் சிவப்புத் துணி கெட்டியான துணி. ஒருமுறை குத்தினால் துளை மூடாது. என் வீட்டுக்காரர் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்த துணி.

"வேண்டுதல் தைச்ச பூவப் பிரிச்சியா நீ?"

"அவதான் பெரியம்மா பிரிக்கச் சொன்னா. மொத முடிச்ச அவதான் வெட்டுனா."

ஒருத்தி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். தைத்ததைப் பிரிக்கக்கூடாது என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. நான் பிரித்தேன் என்று தெரிந்த பிறகுதான் அப்படி ஒரு சட்டம் அந்தத் தெருவில் பிறந்தது. பிறந்ததும் எல்லோருக்கும் ரொம்ப நாளாகத் தெரிந்ததாக ஆகிவிட்டது. பூவைப் பிரித்தது பிள்ளையைப் பிரித்த மாதிரி என்று ஒருத்தி சொன்னாள். இன்னொருத்தி என் காதில் விழக்கூடாது என்று மெதுவாகச் சொன்னாள், ஆனால் விழுந்தது: "தனக்கு இல்லாதது அடுத்தவளுக்கு மட்டும் எதுக்குன்னு நெனச்சிருப்பா."

"வாங்க, அவகிட்டயே கேப்போம்" என்றேன். எனக்குக் கோபம் கண்ணை மறைத்தது, ஆனால் பயம் இல்லை. ஒரு வார்த்தைதானே. ஆமா, நான்தான் பிரிக்கச் சொன்னேன் என்று அவள் சொல்லிவிட்டால் முடிந்தது. அவள் சொல்வாள் என்பதில் எனக்குத் துளிக்கூடச் சந்தேகம் வரவில்லை.

எல்லோரும் போய் அவள் அறை வாசலில் நின்றோம். உள்ளே பாயில் படுத்திருந்தாள். தலைமாட்டில் மாமியார். பெரியம்மா வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"ஏம்மா, உன் பூவப் பிரிக்கச் சொல்லி நீ சொன்னியா?"

அவள் கண்ணைத் திறந்து முதலில் மாமியாரைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நல்லாப் பார்த்தாள், அரைகுறையாக இல்லை. பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள்.

ஏன் சொன்னாள் என்று எனக்குப் புரிந்தது. வாசலில் நிற்கும்போதே புரிந்துவிட்டது. ஆமாம் என்று சொன்னால் தன் பிள்ளையைத் தானே கொன்றவள் ஆகிவிடுவாள். மாமியார் அடுத்த கப்பலில் ஊருக்கு அனுப்பி, மகனுக்கு வேறு பெண் பார்த்திருப்பாள். எல்லாம் புரிந்தது. புரிந்ததால் வலி குறையும் என்று சொல்கிறவர்கள் யாரோ தெரியவில்லை, எனக்குக் குறையவில்லை. அந்தப் பழியை அவள் வேறு யார் தலையில் வேண்டுமானாலும் போட்டிருக்கலாம். அம்மன் தலையில் போட்டிருக்கலாம். என் தலைதான் கைக்கு எட்டியது.

அந்தப் பூவை மட்டும் திரையிலிருந்து வெட்டி எடுத்துவிட்டு, ஓட்டையை ஒரு ஜரிகைத் துண்டு வைத்து யாரோ மூடினார்கள். தாமரையும் கொடியும் அப்படியே இருந்தன. என் கை ஆகாது, என் வேலை மட்டும் ஆகும். திருவிழாவில் அந்தத் திரையைத்தான் போட்டார்கள். நான் போகவில்லை. நன்றாக இருந்தது என்று வீட்டுக்காரர் வந்து சொன்னார். அவரை அன்றைக்குக் கொன்றுபோடலாம் போல இருந்தது.

அதற்குப் பிறகு என் வீட்டுக்கு யாரும் வரவில்லை. வளைகாப்புக்குக் கூப்பிடமாட்டார்கள், பிள்ளைக்குக் காது குத்தினால் கூப்பிடமாட்டார்கள். குங்குமச் சிமிழோடு வீடு வீடாக அழைக்க வருகிறவள் என் வாசல் வந்ததும் தெருவின் அந்தப் பக்கம் போய், என் வீட்டைத் தாண்டி மறுபடி இந்தப் பக்கம் வருவாள். நான் கதவிடுக்கில் பார்ப்பேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். வீட்டுக்காரரை மட்டும் எல்லாவற்றுக்கும் அழைப்பார்கள். கடைக்காரர்களுக்குள் கொடுக்கல் வாங்கல் இருக்கிறது அல்லவா, அதனால் அவர் போவார்.

"விடு, கொஞ்ச நாள்ல மறந்துருவாங்க" என்பார்.

"நீங்க போகாம இருந்தா, நான் ஒருத்தி இருக்கேன்னு சீக்கிரம் ஞாபகம் வரும்" என்பேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

கேட்ட அமைதி இப்போது கிடைத்தது. முழுசாகக் கிடைத்தது. வீட்டில் ஊசி விழுந்தால் கேட்கும். ஆனால் உட்கார்ந்தால் வேலை ஓடவில்லை. முன்பெல்லாம் நானாகக் கதவைச் சாத்தினேன், இப்போது அவர்கள் வெளியிலிருந்து சாத்திவிட்டார்கள். அதே வீடு, அதே கண்ணாடி ஓட்டு வெளிச்சம், எனக்குத்தான் மூச்சு முட்டியது.

தோட்டத்துப் பெண்களுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்தில், கூலியாட்களின் வரிசை வீடான லயத்திலிருந்து ஒருத்தி சம்பள ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தே வருவாள். மகள் பெரிய மனுசி ஆகிவிட்டாள் என்று சொல்லி, சடங்குக்குப் போட ஒரு ரவிக்கை தைத்துத் தரச் சொன்னாள். கழுத்தைச் சுற்றிக் கிளி வைத்துத் தைத்தேன். அதைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்களே வந்து எம் மகளுக்குப் போட்டு விடுங்க. லயத்துல எங்க வீடு கடைசி. வாங்கம்மா" என்றாள். ஒரு நல்ல காரியத்துக்கு என்னைக் கூப்பிட்டு அவ்வளவு காலமாகியிருந்தது.

"கடைக்காரன் பொண்டாட்டி லயத்துக்கு விருந்துக்குப் போனான்னு எம் பேரு நாறணுமா?" என்றார் வீட்டுக்காரர். ரவிக்கை மட்டும் போனது. ஒதுக்கி வைக்கப்பட்டவளுக்கும் போகக்கூடாத இடம் என்று ஒன்று இருந்தது.

இப்படியே இரண்டு வருசம் போயிருக்கும். ஒரு மத்தியானம் பின்கட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் அவள். முகம் வெளுத்து, வயிறு மேடிட்டிருந்தது. நான் வழிவிடவில்லை. அவளும் கேட்கவில்லை, முன்பு போலவே என்னை இடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

உட்கார்ந்ததும் இடுப்பிலிருந்து ஒரு சிவப்புத் துண்டை எடுத்தாள். அந்த வருசம் சந்நிதிக்கு இரண்டு பக்கமும் தொங்கவிடப் புதுத் துணி தைக்கிறார்களாம், ஆளுக்கு ஒரு பூ. பெரியம்மா வீட்டில் வைத்து எல்லோரும் தைக்கிறார்களாம். மாசமாக இருக்கிறவள் மட்டும் தன் வீட்டிலேயே தைத்துக் கொண்டுவந்தாலும் சேர்த்துக்கொள்வார்களாம். அவள் வெறும் துண்டைக் கொண்டுவந்திருந்தாள்.

"நான் ஒரு ஊசி கூடக் குத்தல. பிரிக்க வேண்டியதே இல்ல. நீயே மொதல்லருந்து தைச்சுக் குடுத்துரு."

"எங் கை ஆகாத கையாச்சே. எதுக்கு எங்கிட்ட வந்த?"

"உங் கை ராசியான கைடி. எனக்குத் தெரியாதா?"

அவள் கேலி செய்யவில்லை. மனசாரத்தான் சொன்னாள். அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது.

"தைச்சுத் தர்றேன். ஆனா அன்னைக்குப் பிரிக்கச் சொன்னது நீதான்னு பெரியம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லு. ஒரே வார்த்தை. வேற ஒண்ணும் கேக்கல."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அத மட்டும் கேக்காத. மாமியா என்ன வீட்டுல வச்சிருக்காது. இந்தப் புள்ள பொறக்கட்டும், சொல்லிருறேன். புள்ள முகத்தப் பாத்துட்டாப் போதும், எல்லார் முன்னாலயும் சொல்றேன். சத்தியமாச் சொல்றேன்டி."

"நான் தைச்சா உன் வேண்டுதல் எப்படி ஆகும்?"

"வேண்டுதல் என்னுது. ஊசிதான உன்னுது."

நான் ஊசியில் நூல் கோத்தேன். அவளுக்காகவா, அந்தப் பிள்ளைக்காகவா, அவள் சொல்லப்போகிற அந்த ஒரு வார்த்தைக்காகவா என்று கேட்டால், மூன்றுக்கும்தான். நான் இதழை வெட்டி மடிக்க ஆரம்பித்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். மாமியாரைப் பற்றி, தராசுக்காரனைப் பற்றி, பெரியம்மா கோயிலில் வழுக்கி விழுந்ததைப் பற்றி. நான் சிரித்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவள் பாயில் சாய்ந்து தூங்கிப் போனாள். அந்த இரண்டு வருசத்தில் நான் நிம்மதியாக இருந்தது அந்த ஒரு மத்தியானம்தான். துரோகம் செய்தவள் பக்கத்தில் கிடக்க, நான் நிம்மதியாக இருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

எழுந்ததும் பூவை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பின்கட்டு வழியாகவே போனாள்.

பிள்ளை பிறந்தது. நல்லபடியாக, முழு மாதத்தில், பெண் பிள்ளை. சேதி கேட்டதும் நான் வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். இனி சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன். பேர் வைக்கிற நாள் வந்தது. அழைக்க வந்தவள் என் வாசலில் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போனாள். சரி, அவள் சொல்லப்போவதே அங்கேதானே, எல்லார் முன்னாலும் என்றாளே, சொன்ன பிறகு ஆள் அனுப்புவாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நல்ல சேலையாக ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்காரர்தான் வந்தார். வாயில் வெற்றிலை, முகத்தில் சந்தனம்.

"கொழந்த நல்லா இருக்கு. அவ சாயல்தான்" என்றார்.

"வேற என்ன பேசுனாங்க?"

"என்னத்தப் பேசுவாங்க. எல்லாம் அந்தப் பூவப் பத்தித்தான் பேச்சு. இந்த வருசம் தைச்சதுலயே அவ பூதான் நேர்த்தியாம். ஊசி புடிக்கத் தெரியாதவளுக்கு எப்படிம்மா இப்படிக் கை வந்துச்சுன்னு பெரியம்மா எல்லார் முன்னாலயும் கேட்டாங்க."

"என்ன சொன்னா?"

"அம்மனே பக்கத்துல உக்காந்து கையப் புடிச்சு சொல்லிக் குடுத்தான்னு சொன்னா. அங்க இருந்த பொம்பளைங்க அத்தன பேரும் கும்புட்டாங்க."

அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் கட்டியிருந்த சேலையை அவர் கவனிக்கவில்லை. எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்ச் சோறு போட்டு எடுத்துவந்தேன். பந்தியில் சாப்பிட்டாயிற்று, எனக்கு வேண்டாம் என்றார். உங்களுக்கில்லை என்று சொல்லிவிட்டு, நான் உட்கார்ந்து சாப்பிட்டேன்.